நோட்டீஸ் வராமலே வசூல் ஏஜென்ட் வந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரெடிட் கார்டு, போஸ்ட்பெய்டு பில் என்று சில நூறு ரூபாய் பாக்கிக்குக்கூட இப்போது வசூல் ஏஜென்ட் போன் செய்கிறார். இப்படி ஒரு பாக்கி இருப்பதே தெரியாதவர்கள் பயந்துபோய், அவர் அனுப்பும் யுபிஐ எண்ணுக்கு உடனே பணம் போட்டுவிடுகிறார்கள். போன் நின்றுவிடும். ஆனால் பிறகு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையில் அந்தப் பாக்கி அப்படியே நிற்கும். கட்டுவதற்கு முன் கணக்கைக் கேட்க வேண்டும், அதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

நோட்டீஸ் வராததற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. முகவரி மாறியிருக்கும், அல்லது பில் போகும் மின்னஞ்சலை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். போஸ்ட்பெய்டு எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். எண் கைமாறிய பிறகுதான் கடைசி பில் போடப்படும். அதற்குள் பழைய நிறுவனத்தின் செயலிக்குள் அந்த எண்ணை வைத்து நுழைய முடியாமல் போய்விடும்.

இன்னொரு வகை, பயன்படுத்தாமல் பீரோவில் கிடக்கும் கார்டு. ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 590 ரூபாய் பற்று விழும். அதைக் கட்டாததற்குத் தாமதக் கட்டணம், வட்டி, இரண்டுக்கும் மறுபடி ஜிஎஸ்டி. ஏஜென்சி கைக்குப் போகும்போது தொகை பல மடங்காகியிருக்கும். கட்டாமல் விட்ட கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கிரெடிட் கார்டு விதிகள் சொல்கின்றன. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டு மூடும் வேலையை வங்கியே தொடங்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. மாதவாரி ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் இந்த வாதங்கள் எடுபடும்.

ஆகவே முதல் போனில் பாக்கியை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். பேசுபவர் பெயர், ஏஜென்சி பெயர், எந்த வங்கியின் எந்தக் கணக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓடிபி, கார்டு எண் எதையும் சொல்லக்கூடாது. பிறகு வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்: பாக்கி தொடங்கிய தேதி, அன்று முதல் இன்றுவரையான ஸ்டேட்மென்ட், நோட்டீஸ் அனுப்பியதற்கான சான்று, இந்த ஏஜென்சிக்குக் கொடுத்த அதிகாரக் கடிதத்தின் நகல். புகார் எண் வந்ததும் அதையே ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள்.

அந்தப் புகார் எண்ணுக்கு மதிப்பு உண்டு. பாக்கியை ஏஜென்சியிடம் ஒப்படைக்கும்போது அதன் விவரத்தை வாடிக்கையாளருக்கு வங்கி தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லிவிட்டது. புகார் தீராமல் இருக்கும்போது, அது வீண் புகார் என்று வங்கி காரணத்தோடு முடிவு செய்தால் ஒழிய, விஷயத்தை ஏஜென்சிக்கு அனுப்பவும் கூடாது. நேரில் வருபவர் அடையாள அட்டை, நோட்டீஸ் நகல், அதிகாரக் கடிதம் மூன்றையும் காட்ட வேண்டும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது, உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை. கார்டு பாக்கியை சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் முன்பும் வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும்.

'போலீஸ் வரும், கைது செய்வார்கள்' என்ற மிரட்டல் வெறும் பூச்சாண்டி. பில் பாக்கி சிவில் விவகாரம். கொடுத்த காசோலையோ வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் தவணையோ பணமில்லாமல் திரும்பியிருந்தால் மட்டும் குற்ற வழக்குக்கு இடமுண்டு, அதில் அலட்சியம் வேண்டாம். லோக் அதாலத் பெயரில் வரும் நோட்டீஸைப் பார்த்தும் பதற வேண்டியதில்லை. அது உண்மையானதுதானா என்று சரிபார்த்துவிட்டுப் போகலாம். நிரந்தர லோக் அதாலத் அல்லாத சாதாரண லோக் அதாலத்தில் உங்கள் சம்மதமில்லாமல் தீர்வு எழுத மாட்டார்கள்.

'சும்மா ஒரு 500 ரூபாயாவது போடுங்க சார், ஃபைலை நிறுத்தி வைக்கிறேன்' என்பது பழைய உத்தி. பாக்கியை வசூலிக்க அவர்கள் வழக்குப் போட 3 ஆண்டுதான் காலக்கெடு. அது முடிவதற்குள் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினாலோ எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, அந்த நாளிலிருந்து காலக்கெடு புதிதாக ஓடத் தொடங்கும். கணக்கு சரியென்று தெரியாதவரை ஒரு ரூபாயும் போட வேண்டாம்.

கணக்கு சரியாக இருந்தால் இழுத்தடிக்காமல் கட்டிவிடுவதே நல்லது. ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு அல்ல, வங்கியின் கணக்குக்கு. வாராக் கடன்களை வாங்கி வசூலிக்கும் 'சொத்து மறுசீரமைப்பு நிறுவனம்' ஒன்றுக்கு வங்கி உங்கள் கடனை விற்றிருந்தால், விற்றதற்கான கடிதத்தைப் பார்த்துவிட்டு அந்த நிறுவனத்துக்கு. 'பாதி கட்டினால் போதும்' என்று சலுகை வந்தால் யோசித்துச் செய்யுங்கள். அப்படி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும், அடுத்த கடன் கொடுப்பவர் அதைக் கண்டதும் தயங்குவார். சிறு தொகை என்றால், தப்பான கட்டணங்களை நீக்கச் சொல்லிவிட்டு மீதியை முழுதாகக் கட்டி 'குளோஸ்டு' என்று பதிவு செய்யச் சொல்வதே லாபம். நிலுவை இல்லாச் சான்றிதழை அன்றே கேளுங்கள்.

கட்டிய பிறகு சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். ஒன்றில் திருந்திய பதிவு மற்றொன்றில் திருந்தாமல் கிடப்பது சகஜம். திருத்தக் கோரி 30 நாளில் தீராவிட்டால், அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் அதன் இணையப் புகார் தளமான சிஎம்எஸ் மூலம் இலவசமாகப் புகார் செய்யலாம், விவரத்துக்கு 14448. தொலைபேசி பில் இந்தக் குறைதீர்ப்பாளரிடம் போகாது. அதற்கு நிறுவனத்தின் புகார் மையம், பிறகு அதன் மேல்முறையீட்டு அதிகாரி, அதுவும் பலிக்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

தங்கள் நாளிதழ் மூலம் வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் ஒரு கோரிக்கை. எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டோம் என்று கைகழுவ வேண்டாம். ஏஜென்சியிடம் பாக்கியை ஒப்படைக்கும் முன், கணக்கு விவரத்தோடு ஒரு கடிதத்தை ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும். அது திரும்பி வந்தால் புது முகவரியைத் தேட வேண்டும், அதற்கு முன் ஏஜென்ட்டை அனுப்பக்கூடாது. ஏஜென்சிகளின் பட்டியல் வங்கியின் இணையதளத்தில் எங்கோ மூலையில் கிடக்கிறது. அதை முகப்பிலேயே போட்டால், போனில் பேசுபவர் அசலா போலியா என்று யாரும் அந்த நிமிடமே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்