செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களான தாய்மாரே, உறவுகளே, வணக்கம். பிள்ளைக்கு என்ன நடந்ததென்று அறியாமலே இவ்வாண்டில் கண்மூடிய, காணாமற்போனோரின் குடும்பத்தவரான எமது அங்கத்தவர்களுக்கு முதலில் அஞ்சலி செலுத்துகிறேன். 1996இல் நாற்பது வயதில் மகனைத் தேடத் தொடங்கியவர்கள் இன்று எழுபதைத் தொட்டுவிட்டார்கள்.

ஆண்டின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழியோடு கழிந்தது. அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலைக்கென மண் வெட்டியபோது பெப்ரவரியில் எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் மே மாதம் தொடங்கிய அகழ்வில், செப்டெம்பர் முற்பகுதிக்குள் 240 எலும்புக்கூடுகள் வரை அடையாளங் காணப்பட்டன. 1996இல் படையினரால் கொல்லப்பட்ட மாணவி கிருசாந்தி குமாரசுவாமியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற படைச்சிப்பாய், நூற்றுக்கணக்கானோர் செம்மணியில் புதைக்கப்பட்டதாக 1998இல் மன்றில் சொன்னதையும், மறு ஆண்டு 15 உடல்களே எடுக்கப்பட்டதையும் அறிந்திருந்த எமக்கு இது புதினமல்ல. ஆயினும் நேரில் பார்த்தபோது தாங்க முடியவில்லை.

மீட்கப்பட்ட பொருட்கள் ஓகஸ்ட் 5ஆந் திகதி பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன. எமது தாய்மாரைத் தனியே போகவிடாமல், ஒவ்வொருவருடனும் ஒரு துணையை அனுப்புவதென்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தோம். அன்றே எதையும் உறுதிசெய்ய வேண்டியதில்லை, ஒரே கடையில் வாங்கிய ஒரே வகைச் செருப்பு அந்நாளில் ஊரில் பத்து வீடுகளில் இருந்திருக்கும் என்று அவர்களுக்கு விளக்கியிருந்தோம். ஓர் அம்மா செருப்புகளின் முன்னே குனிந்து நெடுநேரம் நின்றார். "அவன்ரை செருப்பு வார் அறுந்து நான் ஊசி குத்திக் குடுத்தனான். இதிலை ஊசி இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஊசி இல்லாதது அவருக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று நான் கேட்கவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நீண்டகாலமாகச் சிறையிலுள்ளோரின் குடும்பங்கள் அவர்களைப் பார்த்துவர வான் ஒழுங்குசெய்யும் பணி தொடர்ந்தது. சிறைச்சாலை ஒன்றின் வாசலில், இரவிரவாகச் சுட்டு எடுத்துச் சென்ற முறுக்கைத் திருப்பிவிட்டார்கள். அதைச் சுட்டவர் வானிலிருந்த எங்களுக்கே பகிர்ந்தார். எதை உள்ளே அனுமதிப்பார்கள் என்பதை முன்பே கேட்டறியாதது எனது தவறு. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறோம்.

சங்கத்துக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது ஒரு விடயத்தில்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போனதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். காணி உறுதியும் வங்கிக் கணக்கும் கணவர் பெயரில் இருக்க, எந்தக் கருமத்தையும் முடிக்க முடியாமல் நிற்கும் பெண்களுக்கு அது பயன்படும் என்று ஒரு சாராரும், அதில் கையொப்பமிட்டால் விசாரணையைக் கைவிட்டதாகிவிடும் என்று மற்றச் சாராரும் வாதிட்டனர். அரசின் இரண்டு இலட்சம் ரூபா இழப்பீடு குறித்தும் இதே பிளவு இருந்தது. எடுப்பவரைக் குறைசொல்வதில்லை, மறுப்பவரை வற்புறுத்துவதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. அத்தீர்மானத்தை நான் முழுமனதோடு ஆதரித்தேன்.

அலுவலகம் ஒன்றிலிருந்து எமது அங்கத்தவர்களுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதங்கள் வந்தவண்ணம் உள்ளன. ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருந்த விசாரணைத் திகதி, அது மொழிபெயர்க்கப்பட்டபோது கடந்துவிட்டிருந்தது. எழுத்துமூலம் முறையிட்டுள்ளோம், பதில் இன்னும் கிடைக்கவில்லை.

சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1989 முதல் இந்நாட்டில் பணியாற்றுகிறது. காணாமற்போனோர் பற்றி 16,000க்கும் மேற்பட்ட தேடல் விண்ணப்பங்கள் அதனிடம் பதிவாகியிருந்தன. அங்கே பதிந்தபோது தந்த பழைய துண்டு எவரிடமாவது இருந்தால், அதன் பிரதியைச் சங்கக் கோவைக்குத் தருமாறு வேண்டுகிறேன்.

கரையான் அரித்த புகைப்படங்களைப் பிரதியெடுத்து முடித்துவிட்டோம். மூலப்படங்கள் மேசையில் உறைகளில் உள்ளன. கூட்டம் முடிந்ததும் உரியவர்கள் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளவும். கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

செயலாளர்