முகம் பொருந்தாவிட்டாலும் மாவைக் கொடுக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தர்மபுரி மாவட்டத்து மலையோரக் கிராமம் ஒன்றின் அங்கன்வாடிப் பணியாளர் எழுதுகிறேன். சத்துமாவு வாங்குவோரின் முகப்பதிவு சதவீதம் ஏன் குறைந்தது என்று கேட்டுப் போன வாரம் மெமோ வந்தது. இதுதான் என் விளக்கம்.

2021 மார்ச்சில், அங்கன்வாடிப் பதிவுகளுக்கான மத்திய அரசின் போன் ஆப்பான போஷன் டிராக்கர் வந்தபோது முனகிக்கொண்டே கற்றுக்கொண்டோம். 2025 ஜூலை 1 முதல் சத்துமாவு வாங்க, ஆப்பில் முகமும் ஆதார் படத்தோடு பொருந்த வேண்டும் என்றானது. முகத்தைப் பதிவதற்கு முன்னால் ஆதாரில் உள்ள போன் எண்ணுக்கு ஓடிபி போகும். எங்கள் ஊரில் அந்த எண் பெரும்பாலும் கணவரிடம்தான். அவர் பெங்களூரில் சாரத்தின் மேல் நிற்கிறார். "அண்ணா, அங்கன்வாடி டீச்சர் பேசறேன், ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றால், "யாரு கேட்டாலும் சொல்லாதீங்கன்னு போலீசே சொல்லுது" என்று வைத்துவிடுகிறார். அவர் செய்வது சரிதானே?

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி போன மாதம் மூன்று முறை நடந்து வந்தாள். முதல் நாள் சிக்னல் இல்லை. மறுமுறை புளியமரத்தடியில் சிக்னல் கிடைத்தது. நிழலில் நின்றால் முகம் இருட்டு, வெயிலில் நின்றால் கண் கூச்சம். ஆப் கேட்டபடி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தும் பொருந்தவில்லை. ஆதாரில் இருப்பது கல்யாணத்துக்கு முந்தைய படம். மூன்றாம் நாள் ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் இதே மையத்தில் என் கையால் சோறு தின்று வளர்ந்தவள். அவள் முகம் எனக்குத் தெரியாதா? அலமாரியில் மாவை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பினேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாவு கொடுக்க அனுமதியுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

மையத்துப் பிள்ளைகள் இப்போது சிலேட்டை நீட்டிப் பிடித்து, "கண்ணச் சிமிட்டுங்கக்கா" என்று விளையாடுகிறார்கள். பாட்டு சொல்லித்தர வேண்டியவளிடம் அவர்கள் கற்றது இது! வாட்ஸ்அப் குழுவில் காலையும் மாலையும் சிவப்பு எழுத்தில், முகப்பதிவு குறைந்த மையங்களின் பட்டியல். போன் அடித்தாலே வயிற்றைப் பிசைகிறது. பட்டியல் தயாரிக்கும் அறையில் சிக்னல் நன்றாகவே இருக்கும் போல. ஒருநாள் எங்கள் புளியமரத்தடிக்கும் வாருங்கள். உட்காரக் கல் போட்டிருக்கிறோம்.

மன்னிக்கவும், கொஞ்சம் கோபமாகிவிட்டது. டெல்லியில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றால், தயவுசெய்து கேளுங்கள். அந்தப் பெண்ணுக்கு இது எட்டாம் மாதம். திங்கட்கிழமை மறுபடி வருகிறாள். அதற்குள் கையெழுத்துக்கு அனுமதி தந்து ஒரு வரி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்