சாக்லேட் ஊரிலிருந்து திலகாவுக்கு

ஹெர்ஷி, பென்சில்வேனியா
பிப்ரவரி 2025

அன்புள்ள திலகா,

உன் கடிதம் பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்து வந்து சேர்ந்தது. அண்ணன் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார், நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், கடலூரா பாண்டிச்சேரியா என்று இன்னும் முடிவாகவில்லை என்று எழுதியிருந்தாய். பின்வாசல் முருங்கையை யாரிடம் ஒப்படைப்பது என்றும் கேட்டிருந்தாய். அப்புறம் கடைசியில், "பிறந்ததிலிருந்து கம்பெனி வீட்டிலேயே இருந்தவள், எதைச் சொந்த ஊர் என்று சொல்வது?" என்று ஒரு வரி. அதைப் படித்தபின் இரண்டு நாள் வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலை கிடைத்து சியாட்டிலுக்குப் போய்விட்டான். சின்னவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. என் முழங்கால் வலி பரவாயில்லை, குளிரில்தான் கொஞ்சம் படுத்துகிறது.

நான் ஹாக்கி பார்க்கப் போகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியதற்கு, "பனியில் வழுக்கிக்கொண்டு அடித்துக்கொள்வார்களே, அதையா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், அதையேதான். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பது வயதுக்கு மேல். பல வருடங்களாக சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார். கணவர் இறந்ததும் இரண்டாவது இருக்கை காலியாக இருக்கிறது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாள் பக் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. அது கறுப்பு ரப்பர் வட்டு, நம் தோசைக்கரண்டி வட்டத்தைவிடச் சின்னது. ஆட்டத்துக்கு முன்னால் அதை உறையவைத்து எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் பனியில் துள்ளுமாம். இப்போது மூன்று வருடம் ஆகிறது, ஒரு ஆட்டம் தவறினால் மனம் கேட்பதில்லை.

அணியின் பெயர் ஹெர்ஷி பேர்ஸ். இந்த ஊரின் கதையும் அணியின் கதையும் ஒன்றுதான். நம்மைப் போல டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரிகிற கதை.

மில்டன் ஹெர்ஷி என்பவர் மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு சாக்லேட் தொழிற்சாலை கட்டினார். 1905இல் அது முடிந்தது. பால் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இடம். தொழிற்சாலையோடு வீடுகள், டிராம், பூங்கா, பள்ளி எல்லாம் வந்தன. இன்றும் இங்கே சாக்லேட் அவென்யூ, கோகோ அவென்யூ என்றுதான் தெருப்பெயர்கள். தெருவிளக்குகள் அவர்களுடைய கிஸ்ஸஸ் மிட்டாய் வடிவில் இருக்கும், ஒன்று காகிதம் சுற்றியது போல, அடுத்தது பிரித்தது போல. நெய்வேலியில் நமக்கு வட்டத்துக்கு வட்டம் எண்தான், இவர்களுக்கு இனிப்பு.

அவருக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. 1909இல் அனாதைச் சிறுவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். மனைவி இறந்து சில வருடங்களில், 1918இல், தன் சொத்தில் பெரும்பகுதியை அந்தப் பள்ளியின் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள், அணிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

1931இல் இங்கிருந்த ஒரு சின்னப் பனித்திடலில் இரண்டு அணிகளைக் கூப்பிட்டு ஒரு ஹாக்கி ஆட்டம் நடத்திப் பார்த்தார்கள். ஊர் திரண்டு வந்தது. அடுத்த வருடமே ஊருக்கென்று ஓர் அணி வைத்துக்கொண்டார்கள். சாக்லேட் பார் நினைவாக அதற்கு 'பார்ஸ்' என்று பெயர். இது பச்சை விளம்பரமாக இருக்கிறதே என்று நியூயார்க் பத்திரிகைக்காரர்கள் குறைசொல்ல, 1936இல் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டு 'பேர்ஸ்' ஆக்கினார்கள். அப்படித்தான் கரடி வந்தது. சட்டை இன்றைக்கும் சாக்லேட் நிறம்தான்.

அதே வருடம் டிசம்பர் 19 அன்று புது அரங்கம் திறந்தார்கள். நாடு முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த காலம். அப்போது ஹெர்ஷி கையில் இருந்த பணத்தை வைத்து ஓட்டல், தியேட்டர், அரங்கம் என்று கட்டிக்கொண்டே இருந்தார், உள்ளூர் ஆட்களுக்கு வேலை வேண்டும் என்று. அன்டன் டெடெஸ்கோ என்ற பொறியாளர் அந்த அரங்கத்தின் கூரையை மெல்லிய கான்கிரீட் ஓடாக வளைத்துப் போட்டார். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. ஏழாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம், எந்த மூலையிலிருந்தும் பனி முழுதும் தெரியும். அந்தக் கூரையின்கீழ் நின்று அண்ணாந்து பார்த்தபோது, அந்தக் காலத்து உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும் முதல் முறை சாரம் பிரித்த நாளில் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்தேன்.

எல்லாம் தேனாக ஓடியது என்று நினைக்காதே. 1937இல் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பால் வாங்க ஆளில்லாமல் வீணாகப் போகவே, விவசாயிகள் உள்ளே புகுந்து அவர்களை அடித்து விரட்டினார்கள். முதலாளியே எல்லாவற்றையும் கொடுக்கிற ஊரில், கேட்பதற்கென்று ஏதாவது மிச்சம் இருக்கும். அது உனக்கும் எனக்கும் தெரியாததா?

1938இல் பேர்ஸ் அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் சேர்ந்தது. இது இரண்டாம் படி. மேலே இருப்பது என்.எச்.எல். என்கிற நேஷனல் ஹாக்கி லீக், அங்கே ஆடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தப் படியில் ஆடிவிட்டுத்தான் போகிறார்கள். ஒவ்வொரு மேல்படி அணிக்கும் கீழே ஒரு அணி. எங்களுக்கு மேலே 2005இலிருந்து வாஷிங்டன் கேப்பிடல்ஸ். அங்கே ஒருவனுக்கு அடிபட்டால் இங்கே போன் வரும். பையன் பையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் காரில் போனால் அன்று இரவே பெரிய அரங்கில் ஆடலாம். எங்களுக்கு மறுநாள் ஆட்டத்தில் ஆள் குறையும். நன்றாக ஆடுகிறவன் போய்விடுவான் என்று தெரிந்தே அவனுக்குக் கைதட்ட வேண்டும். இதுதான் எனக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னேன். "போகிறவன் நல்லபடி போகட்டும்" என்றார், அவ்வளவுதான். பெரியவன் சியாட்டிலுக்குக் கிளம்பிய வாரம் அது.

ஆட்கள் இப்படி வந்து போனாலும் அணி மட்டும் எங்கும் போகவில்லை. 1938இலிருந்து இந்த லீக்கில் இடைவிடாமல் இருப்பது இது ஒன்றுதான். அடுத்த பழைய அணியான ராச்செஸ்டர்கூட 1956இல் வந்ததுதான். எப்படி நின்றது என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

மற்றவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்த்தால் புரிகிறது. பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸ் என்று ஓர் அணி. 1967இல் கால்டர் கோப்பையை வென்றார்கள், அதுதான் இந்த லீக்கின் பெரிய பரிசு. வென்ற கையோடு அணியையே மூடினார்கள்! அந்த நகரத்துக்கு என்.எச்.எல். அணி வருகிறது, இரண்டாம் படி அணி இனி எதற்கு? மூன்று வருடம் கழித்து பஃபலோவிலும் இதே கதை. 1970இல் கோப்பை, அதே வருடம் மூடுவிழா. கோப்பையைத் தூக்கிய கையோடு பெட்டியைக் கட்டச் சொன்னால் எப்படி இருந்திருக்கும்! அந்த ஆட்டக்காரர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஹெர்ஷியைத் தேடி எந்தப் பெரிய அணியும் வராது. ஊரில் மொத்தமே பதினைந்தாயிரம் பேர் இருந்தால் அதிகம். சின்னதாக இருந்ததுதான் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். அதோடு, அணியை வைத்திருப்பது அந்தப் பள்ளி அறக்கட்டளையின் கீழ் வருகிற நிறுவனம். விலைக்கு வாங்கி வேறு நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு முதலாளிக்கு வழியில்லை.

சிலர் வந்தார்கள், போகவில்லை. ஃபிராங்க் மேதர்ஸ் என்பவரைப் பற்றி பக்கத்து வீட்டு அம்மாள் மணிக்கணக்கில் சொல்லுவார். கனடாக்காரர். 1956இல் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இங்கே வந்தார். 1958, 1959இல் தொடர்ந்து கோப்பை. ஆடுவதை நிறுத்தினார், பயிற்சியாளராகவே இருந்து 1969இல் இன்னொன்று வென்றார். பிறகு நிர்வாகத்துக்குப் போனார். 1974, 1980, 1988இல் அவர் பொறுப்பில் மூன்று கோப்பை. 1988இல், சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கிற பிளே-ஆஃபில் ஆடிய பன்னிரண்டு ஆட்டத்திலும் ஒன்றைக்கூடத் தோற்கவில்லை. 1991இல்தான் ஓய்வு பெற்றார். முப்பத்தைந்து வருடம், திலகா! அண்ணனுடைய சர்வீஸ் கணக்கு மாதிரி இருக்கிறதல்லவா? மறு வருடம் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். பெரிய லீக்கில் மொத்தமே இருபத்துச் சொச்சம் ஆட்டம் ஆடியவருக்கு அந்த இடம். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பழைய அரங்கத்தில் ஹாக்கி மட்டும் நடக்கவில்லை. 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரர் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். என்.பி.ஏ. என்கிற அந்தக் கூடைப்பந்து லீக்கில் இன்றுவரை யாரும் அதை எட்டவில்லை. பார்த்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான், டிவியில்கூட வரவில்லை. 1979இல் பக்கத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது, கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். அப்போது வந்தவர்களைத் தங்கவைத்தது இதே அரங்கத்தில்தான்.

2002இல் அணி பக்கத்திலேயே பத்தாயிரம் பேர் அமரும் புது அரங்கத்துக்கு மாறியது. பழையதை இடிக்கவில்லை. போன மாதம் அங்கே போனேன், சின்னப் பிள்ளைகள் பனியில் விழுந்து எழுந்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

புது அரங்கத்திலும் கோப்பைக்குக் குறைவில்லை. 2006, 2009, 2010. அந்த 2009-10 சீசனில் 80 ஆட்டத்தில் 60 வெற்றி, லீக்கில் அதுவரை யாரும் செய்யாதது. பிறகு பதின்மூன்று வருடம் ஒன்றும் இல்லை. 2023 ஜூன் 21 இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம், கலிஃபோர்னியாவில், கோச்செல்லா வேலி அணியோடு. நாங்கள் பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். இரண்டு கோல் பின்தங்கி, சமன் செய்து, கூடுதல் நேரம். நடுராத்திரி தாண்டிவிட்டது. மைக் வெச்சியோனி என்பவர் கோல் போட்டதும் அந்த அம்மாள் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. மறு வருடமும் அதே அணியை வென்று பதின்மூன்றாவது கோப்பை. அது இங்கேயே நடந்தது.

சரி, போன மாதம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். வருடத்தில் ஒரு நாள் எல்லோரும் பொம்மையோடு ஆட்டத்துக்கு வருவார்கள். ஹெர்ஷி முதல் கோல் போட்டதும் கொண்டுவந்த பொம்மைகளைப் பனியின்மேல் எறிய வேண்டும். கனடாவில் தொடங்கிய பழக்கம், இங்கே பெரிய திருவிழாவாகிவிட்டது. பொம்மைகள் அத்தனையும் பிள்ளைகளுக்காக வேலை செய்கிற அமைப்புகளுக்குப் போகும். ஜனவரி 5 அன்று நான் இரண்டு பை நிறையக் கொண்டுபோனேன். சின்னவளுடைய பழைய பரணைக் காலி செய்தோம், அவள் ஒரே ஒரு யானையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். கோல் விழுந்தது. அப்புறம் பார்த்தால் நாலா பக்கமும் பஞ்சுக் கரடி மழை. பனியே தெரியவில்லை. ஆட்டக்காரர்கள் குழந்தைகள் மாதிரி அதில் விழுந்து புரண்டார்கள். ஆட்டம் வெகுநேரம் நின்றது, யாரும் முணுமுணுக்கவில்லை. எண்ணி முடித்து அறிவித்தபோது 1,02,343. பதினைந்தாயிரம் பேர் ஊரில் ஒரு லட்சம் பொம்மை! முன் வருடம் 74,599 என்பதே பெரிய சாதனையாக இருந்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். நான் இங்கே பிறக்கவில்லை, இந்த ஆட்டத்தைச் சின்ன வயதில் பார்க்கவும் இல்லை. ஆனால் இப்போது "எங்கள் அணி" என்று வாயில் தானாக வருகிறது. நீ அந்த வட்டத்தில் ஐம்பத்தெட்டு வருடம் இருந்திருக்கிறாய். சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம். உன்னை யாராவது எந்த ஊர் என்று கேட்டால் தயங்காமல் நெய்வேலி என்றே சொல். கடலூர் என்றால் பஸ் ஏறி ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகலாமே, அதனால் என் ஓட்டு கடலூருக்கு.

முருங்கையை விட்டுவிட்டு வராதே. மழைக்கு முன்னால் இரண்டு மூன்று போத்து வெட்டி, புது வீட்டில் நட்டுவிடு. அது எங்கேயும் துளிர்க்கும்.

வீடு முடிவானதும் முகவரி எழுது. பழுப்பு நிறத்தில் கரடி போட்ட ஒரு மஃப்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். மார்கழிக் காலையில் அண்ணன் நடக்கப் போகும்போது கட்டிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
கல்யாணி