உன் நாவலோட அட்டை பத்தி

மாப்ள,

எப்படிடா இருக்க? போன வாரமே எழுதியிருக்கணும், அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன், அந்த அலைச்சல்ல விட்டுப்போச்சு, இப்ப நல்லா இருக்காங்க, கண்ணாடி இல்லாமலே டிவி பாக்குறாங்க. நீ நாவலை முடிச்சுட்டேன்னு சொன்னதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம், அதை நீ எத்தனை தடவை கிழிச்சுப்போட்டு திரும்ப எழுதுனேன்னு கூட இருந்து பார்த்தவன் நான்.

நீ அனுப்புன அட்டையை பார்த்தேன். ராத்திரி வானம், நட்சத்திரம், ரயிலு, ஜன்னல்ல அந்தப் பொண்ணு, பறவைங்க, ஓரத்துல பழைய கடிகாரம் வேற, கதையில வர்ற எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடணும்னு பார்த்திருக்க. அதை போன்ல கட்டைவிரல் நகம் அளவுக்கு சின்னதாக்கி பாருடா, இப்ப நிறைய பேர் புத்தகத்தை முதமுதலா பாக்குறதே அந்த சைஸ்லதான். நான் பார்த்தப்போ ஒரே கருநீலம், வேற ஒண்ணும் தெரியல.

அதைவிட எனக்கு மனசு கேக்காதது தலைப்புதான். எழுத்து மேல இருக்கிற புள்ளியெல்லாம் நட்சத்திரத்தோட கலந்துடுச்சு, எது புள்ளி எது நட்சத்திரம்னே தெரியல, நமக்கு புள்ளி போச்சுன்னா வார்த்தையே போச்சு. எடுப்பா தெரியட்டும்னு நீ எழுத்தை தடியாக்கியிருக்க, அதுல ‘ண’வோட சுழி அடைச்சுக்கிச்சு, மேல்வரி ‘ழு’வோட வால் கீழ்வரி ‘கி’யோட தலையில முட்டுது. எழுத்தை கொஞ்சம் மெலிசாக்கி வரிக்கு நடுவுல இடம் விட்டா போதும், தானா கண்ணுல படும்.

1935ல இங்கிலாந்துல பென்குயின் பதிப்பகத்துக்காரங்க மலிவுப் பதிப்பு கொண்டுவந்தப்போ அட்டையில கதைக்கான படமே கிடையாது, மூணு பட்டை மட்டும்தான், ஆரஞ்சுன்னா நாவல், பச்சைன்னா துப்பறியும் கதை, தூரத்துலேர்ந்தே ஆளுக்கு தெரிஞ்சுடும். உனக்கும் ஒண்ணு போதும்டா. அந்த ஜன்னல். முழு இருட்டுல ஒரே ஒரு மஞ்சள் ஜன்னல், மத்த எல்லாத்தையும் எடுத்துடு.

அப்புறம் ஸ்கிரீன்ல பாக்குற நீலத்தை நம்பாத, ஆர்ஜிபில, அதாவது ஸ்கிரீனோட சிவப்பு-பச்சை-நீல வெளிச்சத்துல, பளிச்சுனு இருக்கிறது சிஎம்ஒய்கேல, அதாவது அச்சகத்தோட நாலு மையில, அச்சாகும்போது மங்கிடும், நான் முதல்ல போட்ட அட்டை அப்படித்தான் ஊதாவா வந்து நின்னுச்சு, அன்னைக்கு சாப்பாடே இறங்கல. அதனால பேப்பர்ல ஒரு ப்ரூஃப் பார்க்காம ஓகே சொல்லாத. சுத்தி 3 மி.மீ. ப்ளீட் விடணும், அதாவது வெட்டும்போது ஓரத்துல வெள்ளை தெரியாம இருக்க படத்தை வெட்டுற கோட்டுக்கு வெளியேயும் நீட்டி வைக்கணும். முதுகு அகலத்தையும் குத்துமதிப்பா போடாத, 320 பக்கம்னா 160 தாள், ஒரு தாள் 0.1 மி.மீ.ன்னா 16 வரும், பேப்பர் மாறினா அதுவும் மாறும், அச்சகத்துலயே கேட்டுக்கோ.

ஞாயித்துக்கிழமைக்குள்ள ஜன்னலை வச்சு ரெண்டு மூணு மாதிரி போட்டு அனுப்புறேன். அதுக்குள்ள நீ பின்னட்டை வரிகளை எழுதி வை, அஞ்சு வரிக்கு மேல வேணாம். அப்பாவை கேட்டதா சொல்லு.