பெரிய கார்புரேட்டர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவின் பழைய கார்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், பிரீமியர் பத்மினி காருக்குப் பெரிய கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) மாட்டினால் இழுவை கூடும் என்று ஒரு வரி வருகிறது. அதை நம்பி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பத்மினி எஞ்சின் 1089 சிசி, அது உறிஞ்சும் காற்றும் அதற்குத் தக்கபடிதான். கார்புரேட்டருக்குள் காற்று போகும் குறுகலான பகுதியான வெஞ்சுரியை அகலமாக்கினால் உள்ளே காற்றின் வேகம் குறையும், அப்போது ஜெட்டிலிருந்து (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சலும் குறைந்து, தூறலாகப் போக வேண்டிய பெட்ரோல் துளித்துளியாகப் போகும். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது சட்டென்று மிதித்தால் வண்டி திணறும். வெபர் 40 கார்புரேட்டர் மேல் ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 40 என்பது ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் துளையின் மி.மீ. அளவு, உள்ளே இருக்கும் வெஞ்சுரி வேறு, அதைக் கழற்றி மாற்றலாம், இவ்வளவு சின்ன எஞ்சினுக்கு 28 மி.மீ. போதும். தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் நான் வெபர் 32/36 தான் சொல்வேன். அதில் இரண்டு வெஞ்சுரி உண்டு, ஊருக்குள் 26 மி.மீ. வெஞ்சுரி மட்டும் வேலை செய்யும், அழுத்தி மிதித்தால்தான் அடுத்தது திறக்கும். ஆனால் பெட்டியோடு வரும் ஜெட்டுகள் பெரும்பாலும் பெரிய எஞ்சினுக்கானவை, அப்படியே மாட்டக் கூடாது.

அப்புறம் நம் ஊரின் உயரம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு, அதனால் சென்னையில் சரியாக ஓடிய ஜெட் இங்கே கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடி ஸ்பார்க் பிளக்கில் கரி படிய வைக்கும். சரி, ஜெட்டைச் சின்னதாக்கலாம் என்றால் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் குறுக்கே நிற்கிறது! எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை லீனாகிறது, அதாவது எரிபொருள் போதாமல் போகிறது. இங்கே இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், ஆனால் பொங்கலுக்கு ஓசூர் வழியாகக் கீழே இறங்கினால் சரிக்கட்ட உயரம் இருக்காது, ஜெட்டைச் சின்னதாக்கியிருந்தால் எஞ்சின் சூடேறி நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிந்து வரும் தட்டல்) அடிக்கும். ஊருக்குப் போய்வருகிறவர்கள் தயவுசெய்து ஜெட்டைக் குறைக்காதீர்கள். பெட்ரோல் போகும் பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் எத்தனாலைத் தாங்குகிறவையாக மாற்றிவிடுங்கள், ஊறிப்போன ஹோஸ் சூடான எஞ்சின் மேல் கசிந்தால் தீப்பிடிக்கும்.

ட்யூன் செய்யும் முன் டாப்பெட் (வால்வு) இடைவெளி, தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி, பொறி விழும் டைமிங் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், கலவை எஞ்சினுக்குள் போகும் மேனிஃபோல்டில் காற்று கசியக் கூடாது. பிறகு மூன்றாவது கியரில் நன்றாக இழுத்து, கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் நல்லது, கரிக்கறுப்பு ரிச், சுண்ணாம்பு வெள்ளை லீன். ஜெட்டின் மேல் பொறித்த 125 என்பது 1.25 மி.மீ. துளை, அதைக் கம்பியால் குடைந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே போய்விடும், அடைப்பு இருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது வெஞ்சுரி அளவையும் ஜெட் எண்ணையும் சேர்த்தே எழுதும்படி உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்மினி வைத்திருக்கும் வாசகர்,
அல்சூர், பெங்களூரு