கினாபாலு மலை: இறக்கத்துக்கும் பழக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த, சபா மாநிலத்துக் கினாபாலு மலையைப் பற்றிய கட்டுரையை, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மறுநாளைக்கு மாவு கரைத்து வைத்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். படங்கள் பிரமாதம். மேகத்துக்கு மேலே சூரியன் எழும்பும் படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். ஆனால் நடக்கத் தெரிந்தால் போதும், தனியாகப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்திருந்ததே, அதுதான் மனத்தில் முள்ளாகத் தைத்தது. 2018-இல் நான் முதல் முறை கிளம்பியபோது பயண ஏற்பாட்டாளர் ஒருவரும் என்னிடம் இதையேதான் சொன்னார். அதை நம்பிப் போய் ஒரு வாரம் கழிவறையில் கூட உட்கார்ந்து எழ முடியாமல் கிடந்தவள் நான்.

நான் கிள்ளானில் ஒரு பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விளையாட்டுப் பழக்கம் எதுவும் கிடையாது. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கும் கால்கள், அவ்வளவுதான். இரண்டு முறை கினாபாலு போயிருக்கிறேன். முதல் முறை உச்சிக்குப் போகாமலே திரும்பினேன். அடுத்த ஆண்டு போய்வந்தேன். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் ஆட்களிடம் கினாபாலு என்றதும், "பத்துமலைப் படியில் காவடி எடுத்து ஏறுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு மலையா?" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துமலை முருகன் கோயிலில் 272 படிகள். ஒரு படி 18 சென்டிமீட்டர் என்று வைத்தால் மொத்த உயரம் 49 மீட்டர். கினாபாலுவில் நடை தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் இரவு தங்கும் லாபான் ராத்தா 3,272 மீட்டரில். அதாவது முதல் நாளிலேயே பத்துமலையை ஏறத்தாழ முப்பது தடவை ஏறியாக வேண்டும். சரி, ஏறிவிடலாம். நின்று நின்று, மூச்சு வாங்கி, வாழைப்பழம் தின்று எப்படியாவது ஏறிவிடுவோம்.

மறுநாள்தான் வினை. விடியற்காலை இரண்டு மணிவாக்கில் எழுந்து, 4,095 மீட்டர் உச்சிக்குப் போய், அன்றைக்கே அங்கிருந்து திம்போஹோன் வரை மொத்தமும் இறங்கியாக வேண்டும். 8.72 கிலோமீட்டர் தூரம், 2,229 மீட்டர் இறக்கம். அதே கணக்கில் பார்த்தால் பத்துமலைப் படிகளில் 45 தடவை இறங்குவதற்குச் சமம், அதுவும் தூக்கமில்லாத உடம்போடு. கட்டுரையில் உச்சியைப் பற்றி முக்கால் பக்கம் இருந்தது. இறக்கத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

முதல் முறை கிள்ளானிலிருந்து ஏழு பேர் போனோம். ஒரு வழிகாட்டிக்கு ஐந்து பேருக்கு மேல் விடமாட்டார்கள் என்பதால் இரண்டு வழிகாட்டிகள். அவர்களை அங்கே மாலிம் குனுங் என்பார்கள். என் அக்காள் மகன்தான் குழுவிலேயே வாட்டசாட்டமான ஆள். மாரத்தான் ஓடுகிறவன். லாபான் ராத்தாவில் சாயங்காலம் சோற்றுத் தட்டைப் பார்த்ததுமே வாந்தி எடுத்தான். தலை பிளக்கிறது என்று படுத்தவன் எழவே இல்லை. உயர இடத்து நோய் தசை பலத்தைப் பார்த்து வருவதில்லை என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். கிள்ளானில் இருந்துகொண்டு அதற்குப் பழக வழி கிடையாது. முடிந்தால் ஏறுவதற்கு முந்தின இரவு மலையடிவாரத்தில் உள்ள குண்டாசாங்கிலோ பூங்காத் தலைமையகத்திலோ தங்கி உடம்பைக் கொஞ்சம் பழக்கலாம். அதற்கென்று மாத்திரை இருக்கிறது. ஆனால் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார் என்று வாயில் போடக்கூடாது. தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போனால் ஒரே மருந்து, கீழே இறங்குவது.

அவனைப் படுக்கையில் விட்டுவிட்டு நான் கிளம்பினேன். சாயாட் சாயாட் சோதனைச் சாவடி 3,668 மீட்டரில் இருக்கிறது. அங்கே கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்ட வேண்டும், குறித்த நேரத்துக்குள் போய்ச் சேரவும் வேண்டும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. என் கையில் இருந்தது இரவுச் சந்தையில் வாங்கிய பஞ்சுக் கையுறை. பாறையில் கட்டியிருக்கும் நனைந்த கயிற்றைப் பிடித்துப் பிடித்து அது பிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது. விரல் மடங்கவில்லை. வழிகாட்டி என் முகத்தில் விளக்கடித்துப் பார்த்தார். நாலு அடி நேராக நடக்கச் சொன்னார். அப்புறம், "காக்காக், கித்தா துரூன்" என்றார். அக்கா, இறங்குவோம். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. மூவாயிரம் வெள்ளிக்கு மேல் செலவு, இரண்டு வருடச் சேமிப்பு. ஆனால் அந்த மனிதரிடம் வாதாடவில்லை. 5.6.2015 அன்று காலை அந்த மலையில் நிலநடுக்கம் வந்து 18 பேர் இறந்தார்கள், அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அங்குள்ள பழங்குடியினரான டூசுன் மக்களுக்கு அது முன்னோர்களின் ஆவி உறையும் மலை. அங்கே பிறந்து வளர்ந்தவர் திரும்பு என்றால் திரும்ப வேண்டியதுதான்.

பிறகு இறக்கம். ஏறும்போது வலிக்காத முழங்கால், மூன்றாவது கிலோமீட்டரில் கத்தி வைத்துத் திருகுவது மாதிரி வலித்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வாங்கிய புதுச் சப்பாத்து. ஒவ்வொரு படியிலும் பெருவிரல் முன்னால் போய் முட்டியது. கடைசியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். வாசல் நெருங்கிவிட்டது என்று நினைக்கும்போது கார்சன் அருவி வரும். போகும்போது அங்கே படி இறங்கித்தான் நடையே ஆரம்பிக்கும். சந்தோஷமாக இறங்கியிருப்போம். திரும்பும்போது அதே படிகளை ஏற வேண்டும். அதைக் கட்டியவரை அன்று மனத்துக்குள் நல்லபடியாகத் திட்டினேன். இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து விழுந்தன.

வீட்டுக்கு வந்து நான் மாடிப்படி இறங்குவதைப் பார்த்துத்தான் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா இருபத்தெட்டு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலைக்காட்டு நிரைக்கு, அதாவது சீவ வேண்டிய மர வரிசைக்குப் போவார். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்குவார். சறுக்கி விழுந்தால் அன்றைய கூலி மண்ணோடு போச்சு. மறுநாள் சாயங்காலம் கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்னை இறங்கச் சொன்னார். நான் இரண்டு படி வைத்ததும், "குதிக்காதே, பால் சிந்தும்" என்றார்.

எனக்கு முழுப் பயிற்சியும் அந்த மூன்று வார்த்தைதான். முழங்காலை விறைப்பாக நீட்டி, குதிகாலால் தொப்பென்று ஊன்றக்கூடாது. முட்டியைக் கொஞ்சம் மடக்கி வைத்து, அடியைச் சின்னதாக எடுத்து, முழுப் பாதத்தையும் சத்தமில்லாமல் வைக்க வேண்டும். சத்தம் கேட்டால் அம்மா திரும்ப ஏறச் சொல்வார். பிற்பாடு உடற்பயிற்சி மருத்துவரிடம் கேட்டபோது காரணம் சொன்னார். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, பழகாத தசைக்கு அதுதான் புண்ணாகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் தாங்கிக்கொள்ளும் என்றார். ஏறி ஏறிப் பழகுகிறவர்கள் மின்தூக்கியில் இறங்கிவந்தால் பாதிப் பயிற்சிதான்.

எட்டு மாதம் பழகினேன். நாங்கள் இருப்பது அடுக்குமாடியின் பதினோராம் மாடி. முதல் மாதம் வாரம் மூன்று நாள், ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்குவது மட்டும். அப்புறம் மூன்று தடவை, ஐந்து தடவை. மூன்றாம் மாதம் பையில் தண்ணீர் போத்தல்களைச் சுமந்து ஏறினேன், மேலே போய்ப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கினேன். முழங்கால் தயாராகும் முன் பாரத்தோடு இறங்கக்கூடாது. ஐந்தாம் மாதத்திலிருந்துதான் ஐந்து கிலோ அரிசிப் பையோடு இறக்கம். ஞாயிறுகளில் முதலில் புக்கிட் காசிங் குன்று, பிறகு உலு லங்காட்டில் குனுங் நுவாங் மலை. நுவாங் 1,493 மீட்டர்தான், ஆனால் ஒரே நாளில் ஏறி இறங்க ஆளைப் பிழிந்துவிடும். வழியில் இருக்கும் ஒரு முகாமுக்குப் பெயரே கேம் பாச்சாட், அதாவது ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி முகாம். பெயர் பொய்யில்லை. நுவாங்கில் இறங்கிய மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து பரோட்டாவுக்கு மாவு பிசைய முடிகிறதா என்பதுதான் நான் எனக்கு வைத்த பரீட்சை. மூன்றாவது தடவையில்தான் தேறினேன்.

சாமான் விஷயத்தில் அதிகம் செலவழிக்கவில்லை. அரை அளவு பெரிய சப்பாத்து, நாலு மாதம் போட்டு நைந்தது. நகத்தை ஒட்ட வெட்டி, இறங்கும்போது கணுக்கால் பக்கம் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் விரல் முட்டாது. கயிறு பிடிக்க, ஹார்ட்வேர் கடையில் விற்கும் ரப்பர் பூசிய வேலைக் கையுறை. நனையாத மாற்றுச் சட்டை ஒன்று பிளாஸ்டிக் பையில். ஊன்றுகோல் இரண்டு. தலைவிளக்குக்கு மாற்று பேட்டரி. வழிகாட்டிகளில் சிலர் நூறு அடி தள்ளி நின்றாலும் அடையாளம் தெரிகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து போட்டிருந்தார்கள். அடிடாஸ் கம்போங், கிராமத்து அடிடாஸ் என்று கிண்டலாகச் சொல்வோமே, அதேதான். அம்மா தோட்டத்தில் போட்டதும் அதுதான். பார்த்துவிட்டு நானும் வாங்கலாமா என்று யோசித்தேன். அவர்கள் பாதம் வேறு, என் பாதம் வேறு என்று விட்டுவிட்டேன்.

2019-இல் மழை இல்லை. சாயாட் சாயாட் தாண்டினால் மரம் செடி கிடையாது. வெறும் கருங்கல், அதன்மேல் வெள்ளைக் கயிறு. முன்னால் போகிறவர்களின் விளக்குகள் வரிசையாக நகர்வதைப் பார்த்தபோது நிரைக்காட்டில் பால்மரம் சீவப் போகிறவர்கள் ஞாபகம் வந்தது. உச்சியில் பத்து நிமிடம் நின்றிருப்பேன், குளிரில் பல் தந்தியடித்தது. படம் எடுத்தார்கள். இறங்க ஏழரை மணி நேரம் ஆனது. பலர் என்னைத் தாண்டி ஓடினார்கள். அவர்களில் நாலைந்து பேரைக் கீழே ஓய்வுக் குடிலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பார்த்தேன். கார்சன் அருவிப் படிகளையும் ஏறினேன், இந்த முறை திட்டவில்லை. மறுநாள் கோத்தா கினாபாலுவில் மீன் சந்தைக்கு நடந்தே போனேன்.

உச்சிக்குப் போனவர்களுக்கு வண்ணச் சான்றிதழ், போகாதவர்களுக்குக் கறுப்பு வெள்ளை கொடுத்தார்கள். சிற்றுண்டிச்சாலைக் கல்லாவுக்குப் பின்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பிள்ளைகள் கறுப்பு வெள்ளையைக் காட்டித்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது சூரியோதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். இறக்கம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர், எத்தனை மாதம் பழக வேண்டும், யார் மருத்துவரைப் பார்க்காமல் போகக்கூடாது என்று. லாபான் ராத்தாவில் படுக்கை கிடைக்கப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பதிவு செய்த அன்றே படியிறங்க ஆரம்பித்தால் நேரம் சரியாக இருக்கும்.

அக்காள் மகன் அடுத்த ஆண்டு மறுபடி போகிறானாம். இப்போது இரவு எட்டு மணிக்கு அரிசிப் பையோடு எங்கள் மாடியில் இறங்கிக்கொண்டிருக்கிறான். மின்தூக்கி கெட்டுவிட்டதா என்று ஏழாம் மாடிக்காரர் நிர்வாகத்துக்குத் தொலைபேசி அடித்துவிட்டார்.

இப்படிக்கு,
சிற்றுண்டிச்சாலை நடத்தும் வாசகி,
கிள்ளான்.