வாங்கலாமா, பொறுக்கலாமா? மேக் ப்ரோ மேசைக் கணினியை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் வன்பொருள் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்னையில் ஒலிப்பதிவும் ஒலிக்கலவையும் செய்யும் சிறிய கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தீபாவளி நெருங்கினால் எங்கள் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, புது மேக் ப்ரோ வாங்கிப் போடலாமா, இன்னும் பொறுக்கலாமா?" என்று கேட்பார். சென்ற ஆண்டு "பொறுக்கலாம் சார்" என்றேன். இந்த ஆண்டும் அதையே சொன்னேன். அவர் பதில் பேசாமல் சிரித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வாங்குகிறவன் வாயால் ஒருமுறை கேளுங்கள். 2023 ஜூனில் எம்2 அல்ட்ரா சிப்புடன் மேக் ப்ரோ வந்தது. அதன் பிறகு அதை யாரும் தொடவில்லை. 2025 மார்ச்சில் அதன் சிறிய தம்பியான மேக் ஸ்டூடியோவுக்கு எம்3 அல்ட்ரா சிப் கொடுத்தீர்கள். கூடவே 512 ஜிபி வரை நினைவகமும், வெளிக்கருவிகளை இணைக்கும் தண்டர்போல்ட் 5-உம். மேக் ப்ரோ இந்த 2025 அக்டோபரிலும் 192 ஜிபியோடும் தண்டர்போல்ட் 4-ஓடும் நிற்கிறது. தம்பி அண்ணனைவிட உயரமாக வளர்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் எம்3 அல்ட்ரா போட்ட தம்பியின் விலை 3,999 டாலரிலும் அண்ணனின் விலை 6,999 டாலரிலும் தொடங்கும்போது, அண்ணனை நிமிர்ந்து பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

மேக் ஸ்டூடியோவையே வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நல்ல இயந்திரம். எங்களைப் போன்றவர்களுக்குச் சிக்கல், கணினிக்குள் கார்டு செருகும் ஸ்லாட்டில் இருக்கிறது. ஒலிப்பதிவு மென்பொருளான ப்ரோ டூல்ஸுக்குத் துணையாக நிற்கும் எச்டிஎக்ஸ் கார்டு உள்ளங்கையில் அடங்கும் பொருளல்ல, முழுநீளக் கார்டு. பதிவின்போது ஒலிக் கணக்கை அதுவே தன் சிப்புகளில் போட்டுவிடும். அதனால்தான் பாடகர் தன் குரலை ஹெட்போனில் தாமதம் தெரியாமல் கேட்கிறார். மேக் ஸ்டூடியோவில் இதைச் செருக ஒரு ஸ்லாட்கூடக் கிடையாது. கார்டை வெளியே தனிப்பெட்டியில் போட்டு, தண்டர்போல்ட் கேபிளால் இணைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குத் தனி மின்சாரம், தனி விசிறி, தனி இரைச்சல். நண்பர் ஒருவரின் கூடத்தில் தரை துடைக்க வந்த அம்மாவின் துடைப்பம் கேபிளில் லேசாகப் பட்டது. பல்லவி முடிவதற்குள் கார்டையே காணோம் என்றது திரை. பெட்டி யார் செய்தது என்பது இங்கே வேண்டாம். துடைப்பத்தின் மீது குற்றமில்லை.

எங்கள் கூடத்து மூலையில் 2010 மாதிரி மேக் ப்ரோ ஒன்று இன்னும் இருக்கிறது. முதுகிலுள்ள நெம்புகோலைத் தூக்கினால் பக்கக் கதவு கையோடு வந்துவிடும். நான்கு ஹார்டு டிஸ்க்குகளும் கேபிள் எதுவும் இல்லாமல் மேசை இழுப்பறைபோல வெளியே வரும். கீழே செயலியும் ரேமும் ஒரே தட்டில். இரண்டு கொக்கிகளை விடுவித்து இழுத்தால் தட்டு முழுதாக மடியில் வந்து உட்காரும். ஆடிக்காற்று ஓய்ந்ததும் அதைத் திறந்து தூசி ஊதுவது என் வழக்கம். நான்கு கோர் செயலியைக் கழற்றிவிட்டு ஆறு கோர் போட்டேன். ரேமை மூன்று முறை கூட்டினேன். கிராஃபிக்ஸ் கார்டை மாற்றியதும் 2018இல் வந்த மேக்ஓஎஸ் மொஹாவி இயங்குதளத்தையும் ஏற்றுக்கொண்டது. எங்கள் ஆடிட்டர் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதுகிறார். அவர் ஏட்டில் அது செத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழைய ஒலிப்பதிவுக் கோப்பு எதையாவது தேடும்போது அதைத்தான் எழுப்புகிறோம். அந்தத் தட்டை வடிவமைத்தவர் உங்கள் குழுவில் இன்னும் இருந்தால் அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

காத்திருப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. 2012இல் பெயருக்கு ஒரு புதுப்பிப்பு வந்தபோது, வாடிக்கையாளர் ஒருவருக்கு அப்போது உங்கள் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக் எழுதிய மின்னஞ்சல் அடுத்த ஆண்டின் பிற்பகுதியைக் கைகாட்டியது. 2013 டிசம்பரில் அந்தக் கறுப்பு உருளை வந்தது. 9.9 அங்குல உயரம், ஒரே விசிறி, நடுவே வெப்பம் கடத்தும் முக்கோணத் தூண். தூணின் ஒரு முகத்தில் செயலி, மற்ற இரண்டிலும் கிராஃபிக்ஸ். பார்க்க அழகுதான். ஆனால் மூன்று பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் எரியும் என்று நம்பிக் கட்டிய அடுப்பு அது. உலகம் ஒற்றைப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டின் பக்கம் திரும்பியபோது, அவ்வளவு சூட்டை ஒரே முகத்தில் ஏற்ற வழியில்லை. ஆறு ஆண்டுகள் அந்த உருளையோடு ஓடின.

அந்த ஆறு ஆண்டுகளில் நீங்கள் செய்த ஒரு நல்ல காரியத்தை நினைவுபடுத்தவே இந்த மடல். 2017 ஏப்ரலில் உங்கள் அப்போதைய உயரதிகாரிகள் ஃபில் ஷில்லர், கிரெய்க் ஃபெடரிகி, ஜான் டெர்னஸ் மூவரும் சில பத்திரிகையாளர்களைக் கூப்பெர்டினோவுக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசினார்கள். வெப்ப விஷயத்தில் தங்களைத் தாங்களே ஒரு மூலைக்குள் தள்ளிக்கொண்டதாக ஃபெடரிகி ஒப்புக்கொண்டார். மேக் ப்ரோவை அடியோடு புதிதாக யோசிக்கிறோம், இந்த ஆண்டு வராது என்றார்கள். காட்டுவதற்குக் கையில் பொருளில்லை. ஆனாலும் அந்த ஒரு பேச்சை வைத்து எத்தனையோ கூடங்கள் வரவு செலவைத் திட்டமிட்டன. அடுத்த ஆண்டு, அது 2019க்கான இயந்திரம் என்று சொன்னீர்கள். 2019 டிசம்பரில் வந்தது. எட்டு ஸ்லாட், 1.5 டிபி வரை ரேம், கைப்பிடியைத் திருப்பித் தூக்கினால் மேலுறை முழுவதும் கழன்று வரும் பெட்டி. (சக்கரங்களுக்கு 400 டாலர் வாங்கிக்கொண்டு பிரேக் வைக்காததை நான் மறக்கவில்லை. எங்கள் தரை சற்றுச் சாய்வு.)

2023இல் அதே பெட்டிக்குள் உங்கள் சொந்தச் சிப் வந்தபோது நினைவகம் சிப்போடு ஒட்டிக்கொண்டது. வேகத்துக்காக அப்படிச் செய்தீர்கள் என்பது புரிகிறது. அதன் மறுபக்கம், எட்டு ஆண்டுகளுக்கு எவ்வளவு ரேம் வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே நாங்கள் ஜோசியம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு ஸ்லாட் காலியாக இருக்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் வேலை செய்யாது. ஒலிக்காரனான எனக்கு அதனால் நட்டமில்லை. பக்கத்து அறையில் கலர் கிரேடிங், அதாவது படத்தின் நிறத்தைச் சீர்செய்யும் வேலை, பார்க்கும் நண்பர் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

இதற்கிடையில் இன்டெல் செயலியில் ஓடும் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டஹோதான் கடைசி இயங்குதளம் என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டீர்கள். அப்படியானால் இன்டெல் செயலியுள்ள 2019 மாதிரியை நம்பி இருக்கும் கூடங்கள் விரைவில் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். எந்தப் பக்கம்?

மேக் ஸ்டூடியோவில் இருக்கும் அதே சிப்பைப் பெரிய பெட்டியில் போட்டு மீண்டும் 3,000 டாலர் கூட்டிக் கேட்காதீர்கள். பெரிய பெட்டிக்கு ஏற்ற சிப், தம்பியைவிடக் கூடுதலான நினைவகம், ஸ்லாட்டுகளுக்குத் தாராளமான தரவு வேகம், முடிந்தால் பிற்பாடு கூட்டிக்கொள்ளும் வழி. இப்படி ஒன்று தயாராகிறது என்றால் 2017இல் சொன்னதுபோல ஒரு வார்த்தை சொல்லுங்கள், தேதி வேண்டாம். மேக் ப்ரோவே இனி இல்லை என்று முடிவெடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். வருத்தப்படுவோம்; ஆனால் தனிப்பெட்டியை வாங்கி, கேபிளை மேசைக்காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

பொங்கலுக்கு முன் கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறோம். இயந்திர அறையில் கருவிகளை அடுக்கும் ராக்கை எந்த அளவில் அடிப்பது என்று தச்சர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

இப்படிக்கு,
ஒலிக்கலவைக்காரன் ஒருவன்
சென்னை, 2025 அக்டோபர்